ஏழாவது மூடி

வரைபடத்தில் இருக்கிறது.
மூலை வீட்டுச் சுவரிலிருந்து பதினாலு மீட்டர்,
சின்ன வட்டம், நடுவில் ஒரு புள்ளி.
தெருவில் இல்லை.
மூலை வீட்டுச் சுவரும் இல்லை.
பங்காளிகள் பிரித்து விற்ற தேக்கோடு
போன தை மாதம் அதுவும் லாரி ஏறிவிட்டது.
டேப்பின் முனையை நான் எதில் வைப்பது?

காரைக்குடியில் வைகாசி முகூர்த்தம்.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என
நீண்டு கிடக்கும் பெரிய வீட்டைக்
கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.
முன்வாசலில் பன்னீர், நாதஸ்வரம்.
பின்வாசலில் எங்கள் துறை.

கணுக்கால் அளவு நிற்கிறது.
மேலே மிதக்கிறது ஒரு ரசக் கருவேப்பிலை,
மற்றவற்றை எழுத வேண்டாம்.
ஆணையர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்.
நாலாவதை நான் எடுக்கவில்லை.
இஸ்திரிக்கடை வேலுமதி
துணி மூட்டையை இடுப்பில் தூக்கிப் பெஞ்சின் மேல் நின்று
"உங்க ரோடு நல்லாத்தான் இருக்கு மேடம்,
எங்க வீடுதான் கீழ போயிருச்சு" என்கிறாள்.
கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

சாத்தையா கடப்பாரையால் தட்டிக்கொண்டே போகிறார்.
ணங். ணங். ணங்.
உறுமி நிற்கும் ஜெட்டிங் லாரிக்காரரை
"கொஞ்சம் வாய மூடுய்யா" என்கிறார்.
ஆளிறங்கு குழி என்று பெயர்.
ஆளை இறக்கக் கூடாது, சட்டம்.
குழாயை இறக்கலாம், அதற்கு ஒரு வாய் வேண்டும்,
வாயைத்தான் காணவில்லை.

ணொத்.

வெட்டினோம்.
மேலே நாலு சென்டிமீட்டர் தார், என்னுடையது.
அதன் கீழே எனக்கு முன்னிருந்தவருடையது,
வேறு ஊரில் இப்போது அவருக்குப் பதவி உயர்வு.
அதன் கீழே தேர்தலுக்கு முந்தின வாரம் போட்டது,
அப்பளமாக உடைந்து வந்தது.
அவர்கள் காலத்தில்தான் புதைத்திருப்பார்கள் என்று
கொஞ்சம் உற்சாகத்தோடே தோண்டச் சொன்னேன்.
செம்பூரான் மண் வந்தது.
அதற்குக் கீழும் செம்பூரான் மண்.

மதியம் மூன்றரை.
பந்தி முடிந்து அண்டா கழுவும் தண்ணீர்
இன்னும் இரண்டு விரல் ஏற்றிவிட்டது.
வேலுமதிதான் பெஞ்சிலிருந்து கை நீட்டினாள்:
"மழை நின்னப்புறம் அந்த இடம் மட்டும்
சீக்கிரம் காயும் மேடம்."
சாத்தையா அங்கே ஒருமுறைதான் அடித்தார்.
ணிங் என்றது.

நாலு சென்டிமீட்டர்.
அவ்வளவுதான் ஆழம்.
என் தாருக்கு நேர் கீழே,
பேர் போட்டு எடுத்து வைத்த பொருள் மாதிரி
இரும்பு மூடி.

தெரு அடைப்பெடுத்துக்கொண்டு
ஒரு பெரிய ஏப்பம் விட்டு வடிந்தது.
யாரும் கைதட்டவில்லை. மூக்கைப் பொத்தியிருந்தார்கள்.

இரவு அலுவலகத்தில் அளவுப் புத்தகம், பக்கம் அறுபத்திரண்டு.
'மூடிகளைச் சாலை மட்டத்துக்கு உயர்த்துதல், எண்ணிக்கை ஏழு.'
என் கையெழுத்து. மார்ச் முப்பத்தொன்று.
அன்றைக்கு ராத்திரி பதினொரு மணி,
கருவூல சர்வர் படுத்துப் படுத்து எழுந்தது,
ஒப்பந்ததாரர் காசிலிங்கம் எல்லோருக்கும்
சீயம் வாங்கி வந்திருந்தார், சூடாக.
ஏழு என்றார்.
எண்ணெய்க் கையைக் கர்சீப்பில் துடைத்துவிட்டு
ஏழு என்று எழுதினேன்.
சாப்பிட்டது இரண்டு. அதை மட்டும் எண்ணியிருக்கிறேன்.

அளவுப் புத்தகத்தில் அழிக்கக் கூடாது.
வெள்ளை மை கூடாது, மேலெழுதக் கூடாது.
பழைய எண் தெரியும்படி குறுக்கே ஒரே கோடு,
பக்கத்தில் சரியான எண், ஓரத்தில் சுருக்கொப்பம், தேதி.
கோட்டைப் போட்டேன்.
ஆறு.
பிடித்தம் மூவாயிரத்துச் சொச்சம்,
எனக்கு ஒரு விளக்கக் கடிதம்,
தணிக்கையில் ஒரு பத்தி.
விசிறி சுற்றியதில் பக்கம் தானாகப் புரண்டது.
அடுத்த தெரு. எண்ணிக்கை பதினொன்று.

விடிந்ததும் போனேன்.
பால்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.
ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று
வாய்விட்டு எண்ணினேன்.
எட்டு.
ஒன்பது.
தெரு முடிந்துவிட்டது.